தேக்கில் கம்பித் தும்பு போடாதேங்கோ

ஊர்காவற்துறையில் எங்கட கொட்டிலுக்குள் கிடந்த அப்பாவின் 16 அடிப் பாய்வள்ளத்தைப் போன வருசம் வெளியில் இழுத்தோம். உடம்பு பைபர். மேல்விளிம்புச் சட்டம், இருக்கைப் பலகை, சுக்கான் பிடி மூன்றும் தேக்கு. பழைய வாணிஸ் பொருக்குப் பொருக்காய் எழும்பி நின்றது.

முதல் தரம் அவசரப்பட்டுவிட்டேன். பொருக்கை மட்டும் தட்டி, மிச்சத்தைச் சட்டி தேய்க்கிற கம்பித் தும்பால் உரஞ்சி, இரண்டு பூச்சு அடித்தேன். ஆடி மாதம், சோளகம் வீசுது. ஈர வாணிஸ் முழுக்க மணல். அதைவிட மோசம், ஒரு மாதத்துக்குள் பூச்சுக்கு அடியில் மிளகு தூவினமாதிரிக் கறுப்புப் புள்ளிகள். மரத்துக்குள் தங்கின இரும்புத் துகள் துருப்பிடித்து, தேக்கிலுள்ள தனின் என்கிற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுத்திருக்கிறது. அழுகை வந்தது. அப்பா கைபட்ட மரம்.

வள்ளம் கட்டுகிற தச்சர், ஓடாவியார் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். "தம்பி, மரத்தைச் சுரண்டாதை, வாணிசைச் சுரண்டு" என்றார். சூட்டுக் காற்று ஊதுகிற ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே போகவேணும். வாணிஸ் குமிழிட்டு இளகுகிற நொடியில் சுரண்டியை மர ரேகை ஓடும் பக்கமே இழுத்தால் பாலாடைபோலச் சுருண்டு வரும். கொஞ்சம் சுணங்கினால் மரம் கருகும். மூக்குக்குக் கட்டாயம் மாஸ்க். எனக்கு நாலு நாள் எடுத்தது.

கறுப்புக்கு ஒக்சாலிக் அமிலம். கையுறை போட்டுப் பூசி, பிறகு நிறையத் தண்ணீரில் கழுவவேணும். எங்கட கிணறு உவர். உப்பு மரத்தில் நின்றால் ஈரத்தை இழுத்துப் பூச்சைக் கிளப்பும். அதனால் பவுசர் லொறியில் வருகிற நல்ல தண்ணி வாங்கினேன்.

நன்றாகக் காயவிட்டு 80, 120, 220 என்று வரவர நைசான மணல்தாளால் தேய்த்தேன். பூசுவதற்குச் சற்று முன் அசிற்றோனால் துடைத்தேன், வெள்ளைத் துணி தேத்தண்ணி நிறமானது. அது தேக்கின் எண்ணெய். அது மேலே நின்றால் வாணிஸ் பிடிக்காது.

முதல் பூச்சு பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து, அடுத்ததில் கால்பங்கு, பிறகு ஆறு பூச்சு தனி வாணிஸ். இடையிடையே 320 தாளால் லேசாக. கதவு யன்னலுக்கு அடிக்கிற வாணிஸ் வேண்டாம், வெயிலுக்கும் கடலுக்கும் நிற்கிற படகு வாணிஸ்தான். இந்த மாசியில், வாடை அடங்கின பிறகு, காலைப் பனி காய்ந்ததும் தொடங்கி, நிழலில் மட்டும் அடித்தேன்.

சுக்கான் பிடியில் அப்பாவின் உள்ளங்கை தேய்த்த பள்ளம் ஒன்று இருக்கிறது. மட்டப்படுத்துவமோ என்று ஓடாவியார் கேட்டார். வேண்டாமென்று, அந்த இடத்தை மட்டும் தாளை விரலில் சுற்றித் தேய்த்தேன். இருக்கைப் பலகையின் அடிப்பக்கம் இன்னும் மிச்சம். அது அடுத்த மாசிக்கு.