புதுப்பிப்பு: இரவில் மட்டும் மறையும் கேமரா, சரியாகிவிட்டது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயிலில் நான்கு கண்காணிப்புக் கேமரா, அவற்றின் படத்தைப் பதியும் ஒரு டி.வி.ஆர். பெட்டி. பொழுது சாய்ந்ததும் பின்வாசல் கேமரா மட்டும் 'வீடியோ லாஸ்' (படம் வரவில்லை) என்று காட்டும், விடிந்தால் தானாக வந்துவிடும் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

முன்வாசல் கேமராவையும் இதையும் இடம் மாற்றிப் பார்த்தோம். கோளாறு பின்வாசலிலேயே நின்றது. ஆக, கேமராவில் குறையில்லை. ஹார்டு டிஸ்க் கோளாறாக இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு: அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பலித்தது இங்கே பதில் போட்ட கிள்ளான் அண்ணன் சொன்னதுதான்: "இருட்டின பிறகு கேமரா முனையில வோல்ட் அளந்து பாரு தம்பி." பகலில் 11.2. இரவில், இருட்டிலும் படம் தெரிய கேமராவிலேயே இருக்கும் அகச்சிவப்பு விளக்குகள் எரிந்ததும் 8.9! அந்த விளக்குகள் கூடுதல் கரண்ட் இழுக்கும். 50 மீட்டர் மெல்லிய ஒயரில் வோல்ட் வழியிலேயே இறங்கிவிடுகிறது. 12 வோல்ட் கேமரா எப்படித் தாங்கும்? மடைப்பள்ளியில் பிளக் இருந்ததால் அங்கேயே தனி அடாப்டர் (12 வோல்ட், 2 ஆம்ப்) போட்டோம். வீடியோ கேபிள் பழையதுதான். இப்போது விடிய விடிய படம் நிற்கிறது.

எதிர்பாராதது ஒன்று: லென்ஸ் எதிரே சிலந்தி வலை. இரவில் அது வெள்ளையாகப் பளிச்சிட்டு ஆட, அசைவைக் கண்டால் பதியும் 'அசைவுப் பதிவு' ஓயாமல் ஓடுகிறது. செம்பனைக்காட்டு ஓரத்தில் வேறென்ன எதிர்பார்க்க! வாரம் ஒருமுறை துடைப்பத்தால் தட்டிவிடுகிறோம்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டவருக்கு: ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் வைத்து நான்கும் முழுநேரம் பதிந்தால் நாளுக்குச் சுமார் 86 ஜி.பி. 1 டி.பி. டிஸ்க் 11 நாள் தாங்கும்.