மறு: பித்தளைக் குழலுக்குள் இறுகிய ரெசின் – ஒரு சொல் தேவை

மொழிபெயர்ப்பு மேசை எழுதியது:

அன்பர்களே, வணக்கம். மரப்பேனா கடையும் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

கட்டையில் துளை போட்டு, பித்தளைக் குழலுக்கு எப்பாக்சி தடவிச் செருகுகிறோம் அல்லவா? அப்போது பசை குழலின் வாய்வழியே வழிந்து உள்ளேயே இறுகிவிடும். குழலைச் சுற்றி ரெசின் (திரவமாக ஊற்றினால் இறுகிவிடும் செயற்கைப் பொருள்) வார்க்கும்போதும் இதே கதை. அதை எடுக்காவிட்டால், கட்டை முனையை மட்டமாகச் சீவும் கருவியின் தண்டு உள்ளே நுழையாது. நிப்புப் பகுதியை அழுத்திச் செருகினால் கட்டை விரிசல் விடும். இந்த எடுக்கும் வேலைக்கு ஒரு தலைப்பு வேண்டும். "குழல் உட்பிசின் அகற்றல்" என்று போட்டிருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை.

வேதியியல் வாத்தியார்:

தலைப்பு கிடக்கட்டும், முதலில் அதிலிருந்து "பிசின்" என்ற சொல்லை எடுங்கள். கருவேலம் பிசின் தண்ணீரில் கரையும், குங்கிலியம் கரையாது. இரண்டும் மரத்தில் வடிவதுதான், வகை வேறு. "பிசின்" என்று அச்சிட்டால் யாராவது கட்டையைத் தண்ணீரில் ஊறப்போடுவார். மரம் ஊதிக்கொள்ளும், எப்பாக்சிக்கு ஒன்றும் ஆகாது.

இறுகிய எப்பாக்சியை அசிட்டோன்கூடக் கரைக்காது. சயனோஅக்ரிலேட் பசை (சூப்பர் குளூ) என்றால் மசியும். ஆனால் குழலை வெளிப்பக்கம் பிடித்திருப்பதும் அதே பசையாக இருந்தால், ஓரமாகக் கசிந்து அந்தப் பிடியும் விட்டுப்போகும். அக்ரிலிக் கட்டையோ அசிட்டோன் பட்டாலே கெட்டுவிடும். இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வேர்ச்சொல் தேடி:

ரெசின் என்று எழுதக் கை வரவில்லை. அரக்கு இருக்கிறதே! அகநானூற்றின் 14ஆம் பாட்டு "அரக்கத்து அன்ன செந்நிலப் பெருவழி" என்றுதான் தொடங்குகிறது. வேலைக்குத் துரப்பு. எண்ணெய்த் துரப்பணம் என்று இன்றும் எழுதுகிறோம். துர என்பதிலிருந்து துரப்பணம். துருவலையும் இதே குடும்பத்தில் வைக்கலாம். இரும்பைத் துளைத்துத் தின்பதால் துரு என்று பெயர் வந்தது என்பது என் துணிபு. ஆகவே "அகவரக்குத் துரப்பு".

வேதியியல் வாத்தியார்:

ஐயா, பித்தளை துருப்பிடிக்காது, களிம்புதான் ஏறும். அப்புறம் அரக்கு பூச்சி சுரப்பது, சூட்டில் உருகி ஓடும். எப்பாக்சி இறுகினால் இறுகியதுதான். சூடு காட்டினால் கொஞ்சம் இளகும், உருகாது.

கோவைப் பட்டறை:

"அகவரக்குத் துரப்பு" என்று போட்டால் எங்கள் பட்டறைப் பையன் கையேட்டை மடித்து, ஆடுகிற லேத்துக் காலுக்கு அண்டை கொடுப்பான்.

நடப்பதைச் சொல்கிறேன். 7 மி.மீ. குழல் என்பது வெளிவிட்டம். உள்ளே 6 மி.மீ. டிரில் பிட்டு தாராளமாகப் போகும். பிட்டின் வாலைக் கைப்பிடியில் மாட்டி, கையாலேயே மெல்லத் திருக வேண்டும். ரெசின் வெள்ளைச் சுருளாக வரும். மிச்சத்துக்குக் குச்சியில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தால் போதும். அவசரப்பட்டு மெஷினில் மாட்டினால் சூடேறி, பிட்டு கவ்வி, குழலையே கட்டையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இதற்கு நாங்கள் சொல்வது "உள்ளே க்ளீன் பண்ணு". அவ்வளவுதான்.

வடமராட்சியான்:

அண்ணை சொல்வது நல்ல விளக்கம். ஆனால் "க்ளீன் பண்ணு" என்று தலைப்புப் போட ஏலாது. நாங்கள் பேனை என்போம், றெசின் என்று எழுதுவோம். அந்தச் சண்டையை இன்றைக்கு விடுகிறேன். கிணறு தூர்ந்து போகிறது, தூர் வாருகிறோம். குழலும் தூர்ந்துதானே போயிருக்கிறது? உள்ளே கிடப்பது தூர், அடைத்துக்கொண்டது தூர்தல், எடுப்பது தூர்வாரல். ஒரே வேரில் மூன்றும் கிடைக்கிறது. "குழல் தூர்வாரல்" என்று வையுங்கோ.

தமிழாசிரியை:

தம்பி, அழகாக இருக்கிறது. திருமந்திரத்தில் "அக்குழி தூர்க்கை யாவர்க்கும் அரியது" என்று வரும். அங்கே தூர்ப்பது கஷ்டம், இங்கே எடுப்பது.

ஆனாலும் ஒரு தடை. தூர் அடியில் படிவது, சேறு. இது சுவரில் ஒட்டி இறுகியது. காதுக்குள் அப்படி ஒட்டியிருப்பதைக் குறும்பி என்கிறோம், எடுப்பதைக் குடைதல் என்கிறோம். "குழற்குறும்பி குடைதல்" ஏன் கூடாது? குடைவரை, நீர் குடைந்தாடல் என்று குடைதலுக்கு நல்ல பரம்பரை உண்டு.

வேர்ச்சொல் தேடி:

அருவருப்பு. பேனா வாங்குகிறவர் சட்டைப்பையில் குறும்பியை வைத்துக்கொள்ள வேண்டுமா? மேலும் தூர் என்றால் மரத்தின் அடிப்பகுதியும்தான். மரக்கட்டை பற்றிய நூலில் "தூர்" என்றால் வாசகர் வேரைத் தேடுவார்.

தமிழாசிரியை:

"தூர்வாரல்" என்று சேர்ந்து வரும்போது யாரும் வேரைத் தேட மாட்டார்கள் ஐயா. ஏரிக்கு வராத குழப்பம் குழலுக்கு ஏன் வரப்போகிறது? குறும்பியை விட்டுவிடுகிறேன், குடைதலை விட மனமில்லை.

கோவைப் பட்டறை:

குடைதல் என்றால் இருக்கிற துளையைப் பெரிதாக்குவது என்று எங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். பித்தளைச் சுவர் தகடு மாதிரி மெல்லிசு. குடைந்தால் போச்சு. தூர்வாரல் என்றால் குழலைத் தொடாமல் உள்ளே இருப்பதை மட்டும் எடு என்று புரியும். என் ஓட்டு அதற்கு.

இன்னொன்று. முன்கூட்டியே அடைத்துவிட்டால் வாரவே வேண்டாம். பச்சை உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கி, பசை தடவும் முன் குழலின் முனையை அதில் ஒரு குத்துக் குத்தினால், வாய்க்குள் ஒரு துண்டு நின்றுகொள்ளும். பசை காய்ந்த பிறகு குச்சியால் தள்ளிவிடலாம். மெழுகும் ஆகும்.

மொழிபெயர்ப்பு மேசை:

எல்லாருக்கும் நன்றி. தலைப்பு "குழல் தூர்வாரல்". பொருளுக்கு "ரெசின்", பசைக்கு "எப்பாக்சி" அப்படியே இருக்கும். உருளைக்கிழங்கு அடைப்பைத் "தக்கை" என்று எழுதிவிடுகிறேன். இதற்கும் விவாதம் தொடங்கினால் திங்கள் தாண்டிவிடும்.

வேர்ச்சொல் தேடி:

தக்கைக்குத் தடையில்லை. ரெசினுக்கு என் மறுப்பு அப்படியே நிற்கிறது. அது இருக்கும்வரை நன்றியுரையில் என் பெயரைப் போட வேண்டாம்.