சிடி கட்டளை கொடுத்தும் டி டிரைவுக்குப் போகவில்லை, ஏன்?

கேள்வி:
வணக்கம். விண்டோஸ் 10 வைத்திருக்கிறேன். அப்பா எழுதிய டைரிகளை எல்லாம் ஸ்கேன் செய்து டி டிரைவில் "அப்பா டைரி" என்று ஒரு ஃபோல்டரில் போட்டிருக்கிறேன், 400 படங்களுக்கு மேல் இருக்கும். மொத்தமாகப் பெயர் மாற்றலாம் என்று கட்டளைகளை அடித்து வேலை வாங்கும் கருப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்தால் சி டிரைவில் நிற்கிறது. ஃபோல்டர் மாற்றும் கட்டளையான சிடி அடித்து, ஓர் இடம் விட்டு, டி:\அப்பா டைரி என்று கொடுத்து என்டர் தட்டினேன். பிழை எதுவும் காட்டவில்லை, ஆனால் அடுத்த வரியிலும் அதே சி தான். நாலைந்து முறை பார்த்துவிட்டேன். பெயர் தமிழில் இருப்பதாலா, நடுவில் இடைவெளி இருப்பதாலா?

பதில் 1:
இரண்டும் காரணமில்லை. நீங்கள் கொடுத்த கட்டளை வேலை செய்துவிட்டது, அதனால்தான் பிழை வரவில்லை. விண்டோஸுக்கு முந்தைய எம்எஸ்-டாஸ் காலத்திலிருந்தே ஒவ்வொரு டிரைவுக்கும் "இப்போது எந்த ஃபோல்டர்" என்று தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஃபோல்டர் என்பதே அதில் 1983-இல் 2.0 பதிப்போடுதான் வந்தது, அப்போது இரண்டு ஃப்ளாப்பியை வைத்துக்கொண்டு வேலை செய்தவர்களுக்கு இது மிகவும் வசதி. சிடி அந்த நினைவை மட்டும் மாற்றும், டிரைவை மாற்றாது. அதே விண்டோ இன்னும் திறந்திருந்தால் டி: என்று மட்டும் அடித்து என்டர் தட்டுங்கள், நேராக அப்பா டைரிக்குள் போய் நிற்கும். ஒரே வரியில் முடிய வேண்டுமென்றால் சிடி /டி டி:\அப்பா டைரி. முதல் டிக்கு முன்னால் இருப்பது முன்சாய்வுக் கோடு, பாதையில் வருவது பின்சாய்வுக் கோடு, அதை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

பதில் 2:
பாதையைக் கையால் அடிக்கவே வேண்டாம் சார். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபோல்டரைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் இருப்பதை அழித்துவிட்டு சிஎம்டி என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள், கருப்புத் திரை அந்த ஃபோல்டரிலேயே திறக்கும். தமிழ்ப் பெயர் அங்கே கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், எழுத்துருதான் சரியில்லை, பெயர் பத்திரமாக இருக்கிறது. விண்டோஸில் உள்ள இன்னொரு கட்டளைத் திரையான பவர்ஷெல் என்றால் டிரைவும் சேர்ந்தே மாறும், /டி தேவையில்லை, ஆனால் இடைவெளி உள்ள பெயருக்கு மேற்கோள் குறி கட்டாயம்.

பதில் 3:
பெயர் மாற்றுவதற்கு முன்னால் டிஐஆர் அடித்து, வரும் பட்டியல் உங்கள் படங்கள்தானா என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். நான் ஒருமுறை ஒரு ஃபோல்டர் மேலே நின்றுகொண்டு அழிக்கும் கட்டளையான டெல் கொடுத்து, தங்கை கல்யாணப் படங்கள் பாதி போய்விட்டன. டெல் கொடுத்தால் ரீசைக்கிள் பின்னுக்குள் போகாது, அப்படியே போய்விடும். அப்பாவின் கையெழுத்து என்கிறீர்கள், முதலில் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
டி: அடித்தவுடன் போய்விட்டது! சொன்ன மாதிரியே கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது, ஆனால் டிஐஆர் கொடுத்தால் 412 ஃபைல் என்று வருகிறது, கணக்கு சரி. இப்போது பென் டிரைவில் நகல் ஓடிக்கொண்டிருக்கிறது, அது முடிந்ததும்தான் பெயரில் கை வைப்பேன். மூவருக்கும் ரொம்ப நன்றி.