மகளுக்கு டிஸ்லெக்ஸியா, எனக்கும் இருந்திருக்குமோ?

கரூர்க்காரி:
நாலாவது படிக்கும் மகளுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்துகளைப் படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் தடுமாற்றம், என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 'கொக்கு' எழுதச் சொன்னால் முதலில் 'க' போடுவாள், அப்புறம் கொம்பை எந்தப் பக்கம் போடுவது என்று பென்சிலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காதில் 'க' தானே முன்னால் கேட்கிறது!

நானும் இப்படித்தான். டிக்டேஷன் என்றாலே வயிற்றைக் கலக்கும். அம்மா அடிக்காத அடியில்லை. இப்போது பேத்தியிடமும், "உங்கம்மா மாதிரியே மக்கு" என்கிறார். அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். எனக்கும் இருக்கிறது என்று அவளிடம் சொல்லலாமா? 'அப்ப எனக்குச் சரியே ஆகாதா' என்று பயந்துவிடுவாளோ?

ஸ்பெஷல்_டீச்சர்:
தாராளமாகச் சொல்லுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் என்கிறார்கள். புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பழைய அடி உதைக் கதையில் ஆரம்பிக்காதீர்கள். இன்றைக்கு நீங்கள் எங்கே தடுமாறுகிறீர்கள், எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று காட்டுங்கள், போதும். சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் உண்டு. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம், சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஸ்கிரைப் கேட்கலாம்.

மேலூர்_மீனா:
உங்கள் அம்மாவுக்கும் இருக்குமோ? எங்கம்மா கல்யாணப் பத்திரிகை வந்தால் கண்ணாடியைத் தேடுவார், அது தலையிலேயே இருக்கும். "நீயே படி" என்று என்னிடம் நீட்டுவார். தனக்கு வராததை மகள் மேல் காட்டுவது உண்டு. பொம்பளப் பிள்ளை படிக்காவிட்டால் நாளைக்கு யார் கையை எதிர்பார்ப்பாள் என்ற பயம் வேறு.

கரூர்க்காரி:
பயம் சரிதான் மீனா அக்கா. ஆனால் எங்கம்மா பேப்பரை வரி விடாமல் படிப்பவர். நீங்கள் கேட்டதும்தான் அப்பாவைப் பற்றி யோசித்தேன். பேங்க் ஃபாரமோ நிலப் பத்திரமோ, எதையும் அங்கேயே நிரப்ப மாட்டார். வீட்டுக்குக் கொண்டு வருவார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, சத்தமாகப் படித்துக் காட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைப்பார். அவரை ஒரு நாளும் மக்கு என்று சொன்னதில்லை. அவருக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போகிறேன்.

ஸ்பெஷல்_டீச்சர்:
கேளுங்கள். பேத்தி பக்கத்தில் இல்லாதபோது.