மாஸ்கோ – விளாடிவோஸ்டோக்: தூரமும் நேரமும் ஒத்துவரவில்லை, உதவுங்கள்

செந்தூர்வாசி:
ரஷ்யப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறேன். மாஸ்கோவிலிருந்து விளாடிவோஸ்டோக்குக்கு ரயில், திரும்ப விமானம். எக்செல்லில் போட்டால் இரண்டு இடத்தில் கணக்கு உதைக்கிறது.

ரயில் பாதை 9,288 கி.மீ. என்கிறார்கள். வரைபடத் தளத்தில் நேர்தூரம் பார்த்தால் 6,400 சொச்சம்தான். இவ்வளவு வித்தியாசமா? அடுத்தது, திரும்பும் விமானம் மதியம் 1 மணிக்குக் கிளம்பி அன்றே 3 மணிக்கு மாஸ்கோ சேருகிறதாம். என் எக்செல் மணிக்கு 3,200 கி.மீ. வேகம் காட்டுகிறது! டிக்கெட்டில் தப்பா?

தண்டவாளம்:
டிக்கெட் சரிதான். இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். விளாடிவோஸ்டோக் மாஸ்கோவைவிட 7 மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆக, பயணம் 2 அல்ல, 9 மணி நேரம். எக்செல்லில் மாஸ்கோ நேரத்தில் 3, விளாடிவோஸ்டோக் நேரத்தில் 10 மணி கழித்து இரண்டையும் கிரீன்விச்சுக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் வித்தியாசம் பாருங்கள். கிழக்கே போகிற விமானம் இதைவிடச் சீக்கிரம் போய்விடும். உயரத்தில் மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும்.

குளோப் மாமா:
தூரத்துக்கு நான் சொல்கிறேன். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூல் பிடியுங்கள், அது வடக்கே ஏறி சைபீரியக் காட்டின் மேலே போகும். அந்த 6,400 அதுதான். ரயில் ஊர்களைத் தேடிப் போக வேண்டுமே! ஓம்ஸ்க், நோவோசிபிர்ஸ்க், இர்குட்ஸ்க் என்று தெற்கே இறங்கி, பைக்கால் ஏரியின் தென்முனையைச் சுற்றிப் போகிறது.

கடைசி வளைவு முழுக்க அரசியல். முதலில் சீனாவின் மஞ்சூரியா வழியாக, ஹார்பின் பக்கம் குறுக்கே பாதை போட்டார்கள். 1904-05 போரில் ஜப்பானிடம் தோற்றதும் அந்தப் பாதை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம் வந்துவிட்டது. அதனால் சொந்த மண்ணிலேயே கபரோவ்ஸ்க் வழியாகச் சுற்றி இன்னொரு பாதை போட்டு 1916-இல் முடித்தார்கள். இன்று நீங்கள் போவது அந்தச் சுற்றுவழியில்தான்.

நாடோடி:
ஒரு எச்சரிக்கை. ரஷ்ய ரயிலில் எந்த ஊரானாலும் மாஸ்கோ நேரம்தான். டிக்கெட்டும் அப்படித்தான் இருக்கும்.

தண்டவாளம்:
@நாடோடி, அது பழைய கதை. 2018 ஆகஸ்ட்டிலிருந்து டிக்கெட்டில் உள்ளூர் நேரம்தான். பழைய கையேடுகளை நம்பி ரயிலை விட்டுவிடாதீர்கள்.

செந்தூர்வாசி:
நன்றி மாமா, நன்றி தண்டவாளம். எக்செல் இப்போது சரியாகிவிட்டது, வேகம் மணிக்கு 711 கி.மீ. காட்டுகிறது. கிட்டத்தட்ட 7 நாள் ஒரே ரயிலில் உட்கார வீட்டில் சம்மதிக்கவில்லை. நடுவில் இறங்கலாமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தண்டவாளம்:
இர்குட்ஸ்க்கில் இறங்குங்கள், 5,185-ஆவது கி.மீ., பாதிக்குமேல் முடிந்திருக்கும். அங்கே வரை ஒன்று, அங்கிருந்து ஒன்று எனத் தனித்தனி டிக்கெட் எடுப்பது நல்லது. சாப்பாட்டுக்கு ரயிலை நம்ப வேண்டாம். ஒவ்வொரு பெட்டியிலும் எந்நேரமும் கொதிநீர் இருக்கும்; உப்புமா மிக்ஸ், அவல் கொண்டுபோனால் தப்பித்துக்கொள்ளலாம். இர்குட்ஸ்க்கிலிருந்து பகலில் கிளம்பும் ரயிலாகப் பாருங்கள். பைக்கால் கரையோரமாகவே ஏறத்தாழ 200 கி.மீ. போகும். ஏரி இடப்பக்கம் வரும்.