மறு: ப்ரீ-போர் இன்ஸ்பெக்‌ஷன் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> டல்லாஸ் பக்கம் வீடு கட்டுகிறோம். காங்கிரீட் ஊற்றும் முன் தனியாக ஒருவரை வைத்து ப்ரீ-போர் இன்ஸ்பெக்‌ஷன் செய்துகொள்ளுங்கள் என்கிறார்கள். இதைப் பற்றி நம்மவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதுகிறேன். "முன்வார்ப்பு ஆய்வு" என்று போட்டால் சரியா?

முன்வார்ப்பு வேண்டாம். அந்தச் சொல் ப்ரீகாஸ்ட்டுக்குப் போய்விட்டது. பட்டறையில் வார்த்து லாரியில் கொண்டுவந்து இறக்குகிற காம்பவுண்டுச் சுவர்ப் பலகை, வடிகால் மூடி எல்லாம் முன்வார்ப்புதான். "முன்வார்ப்பு ஆய்வு" என்று படிக்கிற சிவில்காரர், அந்தப் பலகையில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

சொல்லைத் தேடும் முன் அந்த வேலை என்ன என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவின் வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு (ஐ.ஆர்.சி.) இதைத் தெளிவாகவே சொல்கிறது: பள்ளம் தோண்டி, பலகை அடைத்து, கம்பி கட்டித் தாங்கல் கொடுத்து நிறுத்திய பிறகு, காங்கிரீட் போடுவதற்கு முன் பார்க்க வேண்டும். இங்கே தமிழ்நாட்டு சைட்டில் இதற்குப் பேர் "கம்பி செக்கிங்". "செக்கிங் முடிஞ்சுதா, மிக்ஸரை வரச் சொல்லவா?" என்று மேஸ்திரி கேட்பது இதைத்தான். புழக்கத்தில் இருக்கிற சொல், எனக்குப் பிடித்த சொல்லும்கூட. ஆனால் இது கம்பியோடு முடிகிற வேலை இல்லை. ராத்திரி மழை பெய்து பள்ளத்தின் கரை சரிந்து, பி.சி.சி. (கம்பிக்கு அடியில் முதலில் போடுகிற வெறும் காங்கிரீட்) மேல் மண் படிந்து கிடக்கும்; அதை அள்ளாமல் கட்டிய கம்பி வலையை இறக்கியிருப்பார்கள். வலைக்கு அடியில் கவர் பிளாக்குக்கு, அதாவது கம்பியைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்துகிற சின்னக் கட்டைக்குப் பதிலாக உடைந்த செங்கல்லோ ஜல்லியோ முட்டுக் கொடுத்திருப்பார்கள். அடித்தளக் கம்பிக்குக் குறைந்தது 50 மி.மீ. கவர் (கம்பியை மூடி நிற்கிற காங்கிரீட்) வேண்டும் என்று நம் காங்கிரீட் விதித்தொகுப்பு ஐ.எஸ். 456 சொல்கிறது, செங்கல் துண்டு ஈரத்தை உறிஞ்சி நேராகக் கம்பிக்குக் கொடுக்கும், பிறகு துரு ஏறாமல் என்ன செய்யும்? அப்புறம் காலம், அதாவது தூணின் கம்பி: 9க்கு 12 இன்ச் தூண் வரைபடத்தில் கிழக்கு மேற்காக இருக்க, சைட்டில் தெற்கு வடக்காக நிற்கும். அன்றைக்கே பார்த்தால் கட்டுக்கம்பியை அவிழ்த்துத் திருப்பிக் கட்டிவிடலாம், அரை மணி நேர வேலை. காங்கிரீட் போட்ட மறுநாள் பார்த்தால் ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் டெக்சாஸ் கதை கொஞ்சம் வேறு. அங்கே தூணுக்குத் தூண் தனித்தனி அடித்தளம் குறைவு, வீடு முழுவதும் தரையோடு ஒட்டிய ஒரே ஸ்லாப், அதற்குள் காங்கிரீட் இறுகிய பிறகு இழுத்து இறுக்குகிற கேபிள்கள். ஒவ்வொரு கேபிளையும் சுமார் 33,000 பவுண்டு விசையில், அதாவது ஏறத்தாழ 15 டன்னில் இழுப்பார்கள். ஆகவே உங்கள் ஆள் பார்க்க வேண்டியது: கேபிள் அதைத் தாங்குகிற சின்ன முட்டின் (சேர்) மேல் உரிய உயரத்தில் நிற்கிறதா அல்லது தொய்ந்து தரையைத் தொடுகிறதா, அதன் பிளாஸ்டிக் உறை எங்காவது கிழிந்திருக்கிறதா, அடியில் விரித்த ஈரத்தடுப்புத் தாள் ஒன்றன்மேல் ஒன்று போதிய அளவு ஏறியிருக்கிறதா, கழிவுக் குழாய்கள் சரியான இடத்தில் மேலே எழும்புகின்றனவா. ஏன் அங்கே இவ்வளவு கவனம் என்றால், உங்கள் பக்கத்துக் களிமண்ணும் கோவில்பட்டிக் கரிசலும் ஒரே சாதி. மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கி வாய் பிளக்கும், மேலே இருக்கிற வீட்டையும் தூக்கி இறக்கும்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ஆய்வு என்பதுதானே அரசு வழக்கு?

ஆமாம், கலெக்டர் ஆய்வு, காவல் ஆய்வாளர் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இதே வேலையில் "மண் ஆய்வு" என்று ஒன்று முன்கூட்டியே வந்துவிடுகிறது, அதில் ஆய்வு என்றால் தெரியாத ஒன்றைத் தோண்டித் தெரிந்துகொள்வது. இங்கே அப்படி எதுவும் இல்லை. வரைபடம் கையில் இருக்கிறது, எதிரே கம்பி இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். அதற்கு நம்மிடம் சரிபார்ப்பு இருக்கிறது. செய்கிறவரை வேண்டுமானால் ஆய்வாளர் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை.

"முன்" எங்கே வர வேண்டும் என்பதுதான் என் முக்கியமான வாதம். ஆங்கிலத்தில் ப்ரீ முன்னால் ஒட்டுகிறது என்பதற்காக நாமும் எல்லாவற்றிலும் தலையில் ஒட்ட வேண்டியதில்லை. வருமுன் காப்போம் என்கிறோம், "முன்வருகைக் காப்பு" என்றா சொல்கிறோம்? அதே அச்சில் வார்க்குமுன் சரிபார்ப்பு என்று வைக்கலாம். ப்ரீகாஸ்ட்டோடு மோதாது, கேட்டவுடன் எப்போது செய்வது என்றும் தெரிந்துவிடும்.

> ஊற்றுமுன் என்று வைத்தால் இன்னும் எளிமையாக இருக்குமே?

எளிமைதான். ஆனால் தண்ணீர் மாதிரி ஊற்றுகிற பதத்தில் காங்கிரீட் இருந்தால் மிக்ஸரைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்! தோசையை ஊற்றுவதும் உண்டு வார்ப்பதும் உண்டு, உருவம் கிடைக்கும்படி விடுவது என்றால் வார்ப்புதான் பொருத்தம். வார்ப்படம், வார்ப்பிரும்பு என்று ஏற்கெனவே கூட்டமும் இருக்கிறது. சைட்டில் "காங்கிரீட் போடுறது" என்பார்கள், அதனால் போடுமுன் என்றாலும் நான் எதிர்க்க மாட்டேன், எழுத்தில் மட்டும் கொஞ்சம் மொட்டையாக நிற்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. டெக்சாசில் இதற்கு அடுத்து ப்ரீ-டிரைவால், கடைசியில் ஃபைனல் என்று வரிசையாக வரும் இல்லையா, அவற்றுக்கும் இந்த அச்சே போதும். உள்சுவர்ப் பலகை அறைவதற்கு முன் ஒயரையும் குழாயையும் பார்ப்பது மூடுமுன் சரிபார்ப்பு. நம் ஊரில் சுவரைக் காடி வெட்டிப் பைப் பதித்தபின் பார்ப்பதற்குப் பூசுமுன் சரிபார்ப்பு என்று ஒரு தம்பியும் கிடைக்கிறான். சாவி வாங்குவதற்கு முன் கதவு, ஜன்னல், குழாய் எல்லாம் திறந்து மூடிப் பார்ப்பது குடிபுகுமுன் சரிபார்ப்பு. தனித்தனியாக ஆக்கினால் இப்படி வரிசை கிடைக்காது.

கட்டுரையில் முதல் தடவை "வார்க்குமுன் சரிபார்ப்பு, அதாவது ப்ரீ-போர் இன்ஸ்பெக்‌ஷன்" என்று போட்டுவிட்டு அடுத்தடுத்து தமிழையே எழுதுங்கள். தமிழ்நாட்டு வாசகருக்காக எங்காவது ஓரிடத்தில் "கம்பி செக்கிங்" என்றும் சொல்லிவிடுங்கள், கொத்தனாருக்குச் சட்டென்று பிடிபடும்.

கேபிளை வடம் என்பதா, புரி என்பதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். முறுக்கிய ஏழு கம்பியில் ஒவ்வொன்றும் புரி, முழுசாகச் சேர்ந்தால் வடம் என்பது என் எண்ணம். அதைத் தனி உரையாடலாகத் தொடங்கினால் நல்லது, இங்கேயே கலந்தால் பிறகு தேடுகிறவருக்குக் கிடைக்காது.