அக்குளில் முடிச்சை எடுத்த பிறகும் ரேடியேஷன் எதற்கு?

கேள்வி (முகப்பேர்):
அம்மாவுக்கு 58 வயது. மார்பில் கட்டியை மட்டும் எடுத்தார்கள். அக்குளில் எடுத்த நிணநீர் முடிச்சுகளில் இரண்டில் புற்றுநோய் இருந்தது. கீமோ முடிந்துவிட்டது. இப்போது மார்போடு காறை எலும்புக்கு மேலேயும் ரேடியேஷன் வேண்டும் என்கிறார் டாக்டர். "அதான் எல்லாத்தையும் எடுத்தாச்சே?" என்கிறார் அம்மா. கை வீங்கிவிடுமோ என்ற பயம் வேறு.

பதில்:
எடுத்தது அக்குளில்தானே? காறை எலும்புக்கு மேலேயும் நெஞ்செலும்பு ஓரத்திலும் முடிச்சுகள் உண்டு, அங்கே பொதுவாகக் கத்தி வைப்பதில்லை. மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நடத்தி 2015-ல் வெளியான எம்.ஏ.20 என்ற ஆய்வில், அங்கேயும் கதிர் கொடுத்தவர்களில் 10 ஆண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 82 சதவீதம், மார்புக்கு மட்டும் கொடுத்தவர்களில் 77. ஆனால் மொத்த ஆயுளில் பெரிய வித்தியாசமில்லை. கை வீக்கம் அங்கேயும் கதிர் கொடுத்தவர்களில் 8.4 சதவீதம், மார்புக்கு மட்டும் கொடுத்தவர்களில் 4.5. என்னைக் கேட்டால் போட்டுக்கொள்ளலாம்.

பதில் (தாம்பரம்):
நான் போட்டுக்கொண்டவள். மெஷினில் கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி படுக்கவேண்டும், அதனால் தோள் பயிற்சியை இப்போதே ஆரம்பியுங்கள். அந்தப் பக்க வளையல் திடீரென்று இறுகினால் உடனே காட்டுங்கள். மே வெயிலில் ஜாக்கெட் உரசும், தொளதொள காட்டன் நைட்டிதான் சரி.

கேட்டவர்:
நன்றி அக்கா. கட்டி இடது பக்கம், இதயத்துக்கு ஒன்றும் ஆகாதே?

பதில் (தாம்பரம்):
மூச்சை இழுத்துப் பிடித்தபடி கதிர் கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். அப்போது இதயம் சற்று விலகி நிற்கும்.